ஸ்டார்ட் இல்லை, குளிர் இல்லை, டொக் டொக்: கொழும்பு டொயோட்டாக்காரருக்கு

மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வாசலில் என்னுடைய 121 மொடல் டொயோட்டா கொறொல்லா, சாவியைத் திருப்ப ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. பின்னால் பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்கிறது. பக்கத்து கராஜிலிருந்து வந்தவர் பொனட்டைத் திறக்க முன்னமே “பற்றரி போய்ட்டுது” என்றார். புதுப் பற்றரி போட்டேன். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் திரும்பவும் அதே டக். இப்போது அல்ட்டனேற்றராம், அதாவது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான். அதையும் மாற்றுவதற்கு முதல் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். ஸ்டாட்டரைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோயிருந்த இரண்டு செப்புத் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொன்றும் விரல் நகமளவு. “தம்பி, இதுதான் வருத்தம். அந்தப் பற்றரியைத் திருப்பிக் குடுக்கேலுமெண்டா குடுங்கோ.”

கராஜுக்குப் போய் “பற்றரி மாத்துங்கோ” என்றால் பற்றரிதான் மாறும். “ஒரே ஒரு டக் கேக்குது, லைற் மங்கேல்லை” என்று சொன்னால் ஸ்டாட்டரைப் பார்ப்பார்கள். ஆகவே இங்கே சாமான்களின் பெயர் வரிசையில் எழுதாமல், நீங்கள் காணும், கேட்கும் அறிகுறி வரிசையில் எழுதுகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அதற்கிடையில் எல்லோருடைய காருக்கும் ஐந்து வயது கூடிவிட்டது. பிழையான சாமானை மாற்றிப் பார்த்து விளையாடுகிற வயது அதற்கும் இல்லை, எங்கள் பர்சுக்கும் இல்லை.

டிக்கியில் ஒரு டோர்ச், மலிவான மல்டிமீற்றர், ரயர் காற்று மானி, 10 மில்லிமீற்றர் ஸ்பனர் இருந்தால் கீழே சொல்வதில் முக்கால்வாசியை நீங்களே பார்க்கலாம். டொயோட்டாவில் பற்றரி முனையின் நட் 10தான். அந்த ஸ்பனர் தொலைவதற்கென்றே செய்யப்பட்டது, இரண்டு வாங்கி வையுங்கள்.

சாவியைத் திருப்பினால் ஓடவில்லை

ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். காது எஞ்சினில், கண் லைற்றில்.

படபடவென்று டக்டக்டக் தொடர்ந்து கேட்டு, லைற்றும் மங்கினால் மின்சாரம் போதவில்லை. உடனே பற்றரிக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் பற்றரியின் இரண்டு முனைகளையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றில் முனையிலே வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது வழமை. கறுப்பை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரை ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். துடைத்து, சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். பற்றரியிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் கேபிளின் மற்ற முனையையும் மறக்காமல் பாருங்கள், அது கீழே மறைந்திருந்தே துருப்பிடிக்கும்.

பிறகு மீற்றரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற கார், எஞ்சின் ஓடாமல்: 12.6 வோல்ற் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் அரைவாசி. 11.9க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஓடும்போதும் 12.4 என்றே காட்டினால் பற்றரிமேல் பிழையில்லை. அல்ட்டனேற்றரோ அதை ஓட்டும் பெல்ற்றோ வேலை செய்யவில்லை. புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும். ஓடும்போது சரியாகக் காட்டி, இரண்டு மணித்தியாலம் ஓட்டிய பிறகும் மறுநாள் காலை 12க்குக் கீழே விழுகிறதென்றால், நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. முதல் சந்தேகம் டாஷ்காம். பார்க்கிங் மோட் வேண்டுமென்று நேரே பற்றரி வயரில் கொழுவித் தந்திருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு டக், லைற் மங்கவே இல்லை என்றால் என் கதைதான். பழைய டென்சோ ஸ்டாட்டர்களில் சொலனொயிட் எனும் மின்காந்த சுவிட்ச்சுக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்துவிடும். எட்டுத் தரம் திருப்பினால் ஒன்பதாம் தரம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், அதுதான் இதன் கையெழுத்து. முழு ஸ்டாட்டரையும் மாற்றச் சொல்வார்கள். செப்பை மட்டும் மாற்றலாம், அதுவும் அரை நாள் வேலைகூட இல்லை.

சத்தமே இல்லையா? புஷ் ஸ்டார்ட் கார் என்றால், பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் பிரேக்கை மிதித்துச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். விழாவிட்டால் பிரேக் சுவிட்ச் பழுது. நீங்கள் பிரேக் மிதிப்பது காருக்கே தெரியாது, ஆகவே ஓடாது, ‘P’இலிருந்து கியரும் எடுபடாது. சின்னச் சாமான், சின்னக் காசு. பிரேக் லைற் எரிந்தும் ஓடவில்லை என்றால், சாவிக் காரில் கியரை ‘N’இல் (நியூட்ரல்) போட்டுத் திருப்பிப் பாருங்கள். ‘N’இல் ஓடி, ‘P’இல் ஓடாவிட்டால் கியர் சுவிட்ச்.

“சாவி இல்லை” என்று டாஷ்போர்ட் அடம்பிடித்தால் ரிமோட்டுக்குள் இருக்கும் நாணய பற்றரி முடிந்திருக்கும். ரிமோட்டில் டொயோட்டா சின்னம் உள்ள பக்கத்தைப் பவர் பட்டனில் தொட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்து, பீப் கேட்டதும் பட்டனை அழுத்துங்கள். கதவுக்கு, ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி இருக்கிறது. அதை ஒருநாளும் வெளியே எடுத்துப் பார்க்காதவர்களை நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன்.

ஸ்டாட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பொனட்டுக்குள் டோர்ச் அடித்து எலிப் புழுக்கை தேடுங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எலி வயரைக் கடித்திருக்கலாம்.

ஹைபிரிட்: லைற் எல்லாம் எரிகிறது, ‘ரெடி’ வரவில்லை

அக்வா, பிரியஸ்காரர்கள் இதைக் கண்டதும் பெரிய பற்றரி போய்விட்டதென்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். அநேகமாகப் போவது சின்ன 12 வோல்ற் பற்றரி. ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுற்றுவது உயர் மின்னழுத்தப் பற்றரி. ஆனால் அந்தப் பற்றரியை இணைத்துவிட 12 வோல்ற் வேண்டும். அது பலவீனமானால் டாஷ்போர்ட் கலியாண வீடு மாதிரி மின்னும், சம்பந்தமில்லாத எச்சரிக்கை லைற்றுகளும் சேர்ந்து வரும். 2022இல் தட்டுப்பாட்டால் பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு வந்த காலத்தில் வாரக்கணக்கில் நின்ற ஹைபிரிட்டுகள் பலவற்றுக்கு நடந்தது இதுதான். முதலில் அந்தச் சின்னப் பற்றரியை அளந்து பாருங்கள்.

அக்வாவில் அந்த 12 வோல்ற் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. பிரியஸ் 30இல், அதாவது மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், டிக்கியில். பற்றரி செத்தால் டிக்கியும் திறக்காது என்பதால் பொனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுப்பதற்கென்று தனி முனை வைத்திருக்கிறார்கள். சிவப்பு அங்கே, கறுப்பு எஞ்சின் பக்கம் பெயின்ற் இல்லாத இரும்பில். மாறிக் கொடுத்தால் இன்வேட்டர் (பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) விலையில் பாடம் படிக்க வேண்டி வரும். மாற்றும்போது, காருக்குள்ளே இருக்கும் பற்றரி என்பதால் வாயு வெளியேறும் சின்னக் குழாய் பூட்டக்கூடிய வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பற்றரியைத் திணித்துவிட்டு “அளவு சரிதானே” என்பவரை நம்ப வேண்டாம்.

சிவப்பு முக்கோணம் வந்து, பிழைக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானரில் பி0ஏ80 என்று காட்டினால் இப்போது பெரிய பற்றரிக் கதை. அப்போதும் முதல் பார்க்க வேண்டியது காற்று வழி. பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை இருக்கும். அதனூடாகத்தான் பற்றரியைக் குளிராக்கும் ஃபேன் காற்று இழுக்கிறது. அதன்மேல் சீற் கவர், ஷொப்பிங் பை, பிள்ளையின் புத்தகப் பை. என் தங்கையின் அக்வாவில் அந்த ஃபேனைக் கழற்றியபோது பூனை ஒன்று படுத்திருந்ததுபோல் தூசும் முடியும் உருண்டையாக வந்தது. ஏசி இல்லாமல் கண்ணாடி திறந்து ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கெதியில் அடைக்கும். பற்றரியும் நாங்கள் இருக்கும் குளிரில்தான் சுகமாக இருக்கும்.

“ஒரு செல்தான் பழுது, அதை மட்டும் மாத்தித் தாறன்” என்பார்கள். மாற்றலாம். ஆனால் மற்றச் செல்களுக்கும் அதே வயது. சில மாதத்தில் பக்கத்துச் செல் படுக்கும், திரும்பவும் கூலி. காரை விற்கும் வரைக்கும் ஓடினால் போதும் என்றிருப்பவருக்கு அது சரி. வைத்திருக்கப் போகிறவர் முழுப் பொதிக்குக் காசு சேர்ப்பதே மேல். எதுவானாலும் செம்மஞ்சள் நிறக் கேபிளில் கை வைக்காதீர்கள். அக்வாவில் பற்றரி 144 வோல்ற், பிரியஸ் 30இல் 201.6.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் ஏசி சூடு

பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றால் வேர்க்கிறது, நெடுஞ்சாலையில் ஏறினால் ஊட்டி மாதிரிக் குளிர்கிறது. இதற்குக் காஸ் அடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். ஓடும்போது குளிர்கிறதென்றாலே கொம்பிரசரும் காஸும் ஏதோ வேலை செய்கின்றன. நிற்கும்போது கொண்டென்சருக்கு, அதாவது ரேடியேற்றருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் தகட்டுக்கு, காற்று இல்லை என்பதுதான் சேதி.

ஏசியைப் போட்டுவிட்டு பொனட்டைத் திறந்து ரேடியேற்றர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டென்சர்மேல் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே இருப்பவர் “ஆ, குளிருது” என்றால் கொண்டென்சர் அழுக்கு, அல்லது ஃபேன் வேகம் போதவில்லை. கொழும்புத் தூசும் உப்பும் இலையான்களும் சேர்ந்து கொண்டென்சர் தகடுகளுக்கிடையில் சுவர் எழுப்பிவிடும். சேர்விஸில் தண்ணீர் அடிக்கும்போது நேரே குத்தென்று அடிக்காமல், தகடு வளையாதபடி அடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை, ஓடும்போதும் குளிர் குறைவு என்றால் அப்போது காஸ். காஸ் தேய்கிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் வருஷா வருஷம் நிரப்புவது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் அள்ளுவது.

காற்றே குறைவாக வருகிறதா? டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் கபின் ஃபில்டர். பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் கீழே விழும், கருவிகூட வேண்டாம். முன் இடது பக்கக் கால்மிதி நனைந்திருந்தால் மழை ஒழுகுகிறதென்று ரப்பர் மாற்ற வேண்டாம். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும், ஊதி விட்டால் சரி.

சூடு ஏறுகிறது

அக்வா, விட்ஸ் மாதிரிக் கார்களில் வெப்ப முள் இல்லை. காலையில் நீல லைற், ஆபத்தில் சிவப்பு லைற், இடையில் ஒன்றுமில்லை. சிவப்பைக் கண்டால் ‘வீட்டுக்கு இன்னும் இரண்டு சந்திதானே’ என்று நினைக்காதீர்கள். ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, ஓரம் கட்டுங்கள். பொனட்டிலிருந்து புகை வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியை அரை மணித்தியாலமாவது தொடக்கூடாது. முகத்தில் கொதிநீர் வாங்கியவரைப் பார்த்த பிறகு நான் துணி சுற்றிக்கூடத் திறப்பதில்லை.

ஆறிய பிறகு கூலன்ட் தாங்கியைப் பாருங்கள். ஹைபிரிட்டில் இன்வேட்டருக்கு வேறாக ஒரு தாங்கி இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்பதுதான் கேள்வி. தண்ணீர்ப் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்புப் பொருக்குக் காய்ந்திருந்தால் பம்ப். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் தாங்கி குறைந்துகொண்டே போகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் குலுங்குகிறது என்றால், அதுவும் பிரியஸ் 30 என்றால், ஹெட் காஸ்கற்றை (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். அந்த எஞ்சினில் புகையின் ஒரு பகுதியைக் குளிராக்கி எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் ஈஜீஆர் கூலர் கரியால் அடைப்பதும் அதைத் தொடர்ந்து காஸ்கற் போவதும் உலகம் முழுக்கத் தெரிந்த வருத்தம்.

குழாய்த் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். அதிலேயே ஆறு மாதம் ஓட்டினால் ரேடியேற்றருக்குள் துரு வெந்தயக் குழம்பு மாதிரித் தடிக்கும். “எங்கட நாட்டுச் சூட்டுக்கு தேர்மோஸ்டற் தேவையில்லை” என்று கழற்றி எறிகிற பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். எறிந்தால் எஞ்சின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது, பெற்றோல் கூடக் குடிக்கும். ஹைபிரிட்டில் எஞ்சின் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது. கழற்றினால் புதிதைப் போடச் சொல்லுங்கள்.

நடுங்குகிறது, எஞ்சின் லைற் எரிகிறது

லைற் நிலையாக எரிந்தால் ஓட்டி கராஜுக்குப் போகலாம். மினுக்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரிகிறது, கொன்வேட்டர் போனால் புகைப் பரிசோதனை தேறாது, வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கேலாது. அதை மாற்ற நேர்ந்தால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். உள்ளே பிளாட்டினமும் பலேடியமும் இருக்கின்றன.

ஸ்கானரில் பி0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டர் எரியவில்லை. பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயில் பழுதென்று சொல்வார்கள், இருக்கலாம். முதலாம் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் மாறிப் பூட்டச் சொல்லுங்கள். பிழை பி0302 ஆக இடம் மாறினால் கொயில்தான். மாறாவிட்டால் பிளக்கையோ இஞ்செக்டரையோ பாருங்கள். ஐந்து நிமிட வேலை, நாலு கொயில் விலை மிச்சம்.

2005க்குப் பிந்திய ஒரு லீற்றர் விட்ஸ், பாஸோ ஓட்டுகிறவர்களுக்கு: அது மூன்று சிலிண்டர் எஞ்சின். நிற்கும்போது கொஞ்சம் நடுங்குவது அதன் பிறவிக்குணம். கியரை ‘D’இல் போட்டதும் ஸ்டியரிங் ஆடுகிற அளவுக்கு என்றால் எஞ்சின் மவுண்ட்.

இங்கேயே ஒயிலையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போனால் மீற்றர் 10 கிலோமீற்றருக்குள்தான் காட்டும், எஞ்சின் ஒன்றரை மணித்தியாலம் ஓடியிருக்கும். கிலோமீற்றரை மட்டும் நம்பாமல் 5,000 அல்லது ஆறு மாதம், எது முதலோ அது. 121இன் 1என்இசட் எஞ்சினுக்கு ஃபில்டரோடு 3.7 லீற்றர் போதும். நாலு லீற்றர் கானை முழுவதும் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைக்கிற பையன்கள் உண்டு, அளவுக் கம்பியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அதே எஞ்சினுக்கு டைமிங் பெல்ற் மாற்றவேண்டும் என்று யாராவது பில் போட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். அதில் இருப்பது செயின்.

கீழே டொக் டொக், ஸ்டியரிங் ஆட்டம்

குழியில் மெதுவாக இறங்கும்போது டொக் டொக் என்றால் முதலில் ஸ்டபிலைசர் லிங்க், பிறகு லோவர் ஆம் புஷ். ஷொக் கடைசியில், விலையும் அதுதான் கூட. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டிக்டிக்டிக் என்றால் டிரைவ் ஷாஃப்ற் மூட்டு. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். 80இல் ஆடி 110இல் நின்றால் வீல் பலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். ஒரு பக்கம் இழுத்தால் எலைன்மென்றுக்கு முதல் காற்றைப் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது, காற்றடிக்கிற பையனின் ஞாபகத்தில் இல்லை.

பிரேக்

கீச்சென்று கத்தினால் பாட் தேய்கிறது, இன்னும் நாட்கள் இருக்கின்றன. கர்ரென்று இரும்பு உரசினால் நாட்கள் முடிந்துவிட்டன. சிவப்புப் பிரேக் லைற் விட்டு விட்டு எரிந்தால், அநேகமாகப் பாட் தேய்ந்து எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும். எண்ணெயை நிரப்பி லைற்றை அணைத்துவிட்டு நிம்மதியாக இராதீர்கள்.

அக்வா, பிரியஸில் பிரேக் தொடாமலே சில விநாடிக்கொரு தரம் பொனட்டுக்குள் ‘ஸ்ஸ்’ என்று பம்ப் ஓடினால், பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அக்சுவேற்றர் உள்ளே அழுத்தம் கசிகிறது. மஞ்சள், சிவப்பு லைற்றுகள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இது ஒழுங்கை மெக்கானிக்கின் வேலை அல்ல. டொயோட்டா ஸ்கானர் உள்ளவரிடம் போங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்

ஒரு மணித்தியால மழைக்கே சில தெருக்கள் குளமாகிவிடுகின்றன. தண்ணீருக்குள் நின்றுபோன எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளி மேட்டில் ஏற்றி, எயார் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட்தான் வளையும். ஒயில் கம்பியை இழுங்கள், பால்தேத்தண்ணி நிறமென்றால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஹைபிரிட்டில் கம்பளம் நனைந்திருந்தாலே கூப்பிடுங்கள்.

சாமான் வாங்கப் போகும்போது

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத டொயோட்டாச் சாமான் இல்லை. பிழையான சாமானும் அதே அளவுக்குக் கிடைக்கும். “கொறொல்லாவுக்கு லிங்க் ஒண்டு” என்று கேட்டால் “121ஆ 141ஆ, அண்ணை?” என்று திரும்பக் கேட்பார்கள். அதற்கும் பதில் சொன்னால் “முன்னுக்கா, பின்னுக்கா? ஜெனுவினா, தாய்வானா, ரீகண்டிஷனா?” ரப்பர், பிரேக், தண்ணீர்ப் பம்ப் இவற்றில் ரீகண்டிஷன் வேண்டாம் என்பது என் கட்சி. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஸ்டாட்டர் எடுக்கலாம். சீவீடீ எனும் படியில்லாத ஓட்டோ கியருக்கான எண்ணெய் என்றால் போத்தலில் ‘FE’யா ‘TC’யா என்று உங்கள் காரின் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். சாதாரண ஓட்டோ கியர் எண்ணெயை அதற்குள் ஊற்றினால் கியர்பொக்ஸே போகும்.

சீற் கவர் வாங்கினால் சீற்றின் பக்கவாட்டில் ஏர்பேக் எழுத்து உள்ள இடத்தை மூடாததாக. ஏர்பேக் என்றதும் ஞாபகம்: 2000களில் வந்த பல கொறொல்லா, விட்ஸுகளில் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃபிளேற்றர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் சாமான்) இருந்தது. ஈரலிப்பும் சூடும் உள்ள ஊர்களில் அதன் உள்மருந்து பழுதாகி, விரியும்போது இரும்புத் துண்டு பறக்கலாம் என்பதால் உலகெங்கும் திரும்ப அழைத்தார்கள். அதற்கு டாஷ்போர்ட்டில் எந்த லைற்றும் எரியாது. சேசி இலக்கத்தைக் கொடுத்து விசாரித்தால்தான் தெரியும்.

ஆகவே பொனட்டுக்குள் இருக்கும் அந்தத் தகட்டை, சேசி இலக்கமும் மொடல் குறியீடும் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு சிலுசிலுப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டைகளை எண்ணிப் பார்ப்பார். நீங்களும் எண்ணுங்கள்.